புரோலாகையும் பைத்தானையும் ஒரே புரோகிராமில் சேர்ப்பது எப்படி: கொலுசுப் பட்டறையில் நான் பட்ட பாடு

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் என் மாமா கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். எந்த வேலையை யாரிடம் கொடுப்பது என்று தினமும் காலையில் சொல்ல ஒரு சின்ன புரோகிராம் கேட்டார். பைத்தானில் எழுத ஆரம்பித்தேன். ஒரு மாதத்தில் ‘இப்படி இருந்தால், ஆனால் அப்படி இல்லாவிட்டால்’ என்று நாற்பது இஃப் வரிகள் ஒன்றுக்குள் ஒன்றாக நுழைந்துவிட்டன. மாமா ஒரு விதியை மாற்றினால் எனக்கு ஒரு ராத்திரி போகும். விதிகளையும் தகவல்களையும் எழுதிக் கொடுத்தால் பதிலைத் தானே தேடித் தரும் மொழி புரோலாக். அப்போதுதான் விதிகளை மட்டும் புரோலாகில் எழுதி, மற்றதைப் பைத்தானிலேயே விட்டுவிடலாம் என்று தோன்றியது. யோசனை சரிதான். ஆனால் இரண்டையும் பேசவைக்க எனக்குப் பதினோரு நாள் ஆனது. இதைப் படித்துவிட்டு உட்கார்ந்தால் உங்களுக்கு ஒரு சனி, ஞாயிறு போதும்.

ஒரு குறிப்பு: கட்டளைகளின் பெயர்களை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் அடிக்கும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள். நான் தமிழிலேயே எழுதிக் காட்டும் விதிகளை மட்டும் அப்படியே தமிழில் அடிக்கலாம், ஓடும்.

1. முதலில் இது உங்களுக்குத் தேவையா என்று பாருங்கள்

உங்கள் வேலை கூட்டல், பெருக்கல், பட்டியலை வரிசைப்படுத்துவது, பில் அடிப்பது என்றால் புரோலாக் வேண்டாம். சேதாரமும் கூலியும் கணக்குப் போடப் பைத்தான் தாராளம்.

‘பற்றவைப்பு தெரிந்தவராக இருக்க வேண்டும், இன்று விடுப்பில் இருக்கக் கூடாது, போன தடவை வாங்கிய வெள்ளிக்கு எடைக் கணக்கு முடித்திருக்க வேண்டும், புது ஆள் என்றால் பக்கத்தில் மூத்தவர் ஒருவர் இருக்க வேண்டும்’ என்பது மாதிரி நிபந்தனைகள் பின்னிக்கொண்டு வந்தால் புரோலாக் உதவும். ஒரே விதியை இரண்டு பக்கமும் கேட்கலாம் என்பது கூடுதல் லாபம். ‘இந்த வேலையை யார் செய்வார்?’ என்று கேட்கிற அதே வரியிடம் ‘மணி என்னென்ன வேலை செய்வார்?’ என்றும் கேட்கலாம். பைத்தானில் அது இரண்டு தனி ஃபங்ஷன்.

2. கையில் என்னென்ன இருக்க வேண்டும்

கணினியைத் திறப்பதற்கு முன்னால் ஒரு நோட்டு எடுங்கள். நான் செய்யத் தவறியது இதைத்தான், அதிலேயே மூன்று நாள் போனது.

நோட்டின் முதல் பக்கத்தில் விதிகளை, சொல்கிறவர் சொன்ன வார்த்தையிலேயே, ஒரு வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். இரண்டாவது பக்கத்தில் தினமும் மாறும் தகவல்கள்: யார் விடுப்பு, எந்த ஆர்டர் வந்திருக்கிறது. மூன்றாவது பக்கத்தில் எப்போதும் மாறாதவை: யாருக்கு என்ன வேலை தெரியும், எந்தக் கட்டத்துக்கு அப்புறம் எந்தக் கட்டம். முதல் பக்கமும் மூன்றாவது பக்கமும் புரோலாக் கோப்புக்குப் போகும். இரண்டாவது பக்கத்தைப் பைத்தான் கொண்டுவந்து கொடுக்கும்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் பதிப்பு எண்களைக் குறித்து வையுங்கள்: பைத்தான் எத்தனை, புரோலாக் எத்தனை, எந்த நாளில் நிறுவினீர்கள். இப்போது வேண்டாத வேலையாகத் தெரியும். எதற்கு என்று 8-ஆம் படியில் சொல்கிறேன்.

3. செலவும் நேரமும்

மென்பொருளுக்குக் காசு கிடையாது. எஸ்டபிள்யூஐ புரோலாக் (புரோலாகின் ஒரு வடிவம், நாம் பயன்படுத்தப்போவது இதைத்தான்), பைத்தான், இரண்டையும் இணைக்கும் ஜானஸ் மூன்றும் இலவசம். டேட்டாதான் செலவு. லினக்ஸில் அது பெரிதாக இருக்காது. விண்டோஸில் நேரடியாகச் செய்யப் போனால், சி மொழி கம்பைலருக்காக (எழுதிய நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றுவது) மைக்ரோசாஃப்டின் பில்ட் டூல்ஸ் இறக்க வேண்டியிருக்கும், அதுவே பல ஜிபி. ஏற்காட்டில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தபோது போன் டேட்டாவில் அதை இறக்கப் பார்த்தேன். மலையில் பனி இறங்க, சிக்னலும் போக, பாதியில் நின்றது. வீட்டு வைஃபையில் செய்யுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸுக்குள்ளேயே உபுண்டு என்ற லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள். கடைசியில் நானும் அங்கேதான் போய் நின்றேன்.

நேரம்: நிறுவ ஒரு மாலை. விதிகளைத் தனியாக எழுதிச் சோதிக்க ஒரு முழு நாள். இணைக்க அரை நாள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். விதி தப்பா, இணைப்பு தப்பா என்று தெரியாமல் தேடுவது மாதிரி கொடுமை வேறில்லை.

4. நிறுவுதல்

இணைக்கும் வழிகள் பல உண்டு. பைஸ்விப் என்று பழைய நூலகம் ஒன்று இருக்கிறது. புரோலாகைத் தனி புராசஸாக (தனியாக ஓடும் நிரலாக) ஓடவிட்டுப் பேச எம்க்யூஐ இருக்கிறது. ஜாவாக்காரர்களுக்கு ஜேபிஎல். பைத்தான் என்றால் நேராக ஜானஸுக்குப் போங்கள். புரோலாக் உங்கள் பைத்தான் புராசஸுக்குள்ளேயே ஓடும், இரண்டு பக்கமிருந்தும் கூப்பிடலாம்.

ஜானஸ் 2023-இல்தான் எஸ்டபிள்யூஐயோடு சேர்ந்தது. அதனால் புரோலாக் பதிப்பு 9.2 அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். முதல் பொறி இங்கேதான். உபுண்டு 22.04-இல் சாதாரணமாக ஆப்ட் கட்டளையில் நிறுவினால் 8.4 வரிசைதான் வரும். நிறுவியது வெற்றி என்று சொல்லும், ஜானஸ் மட்டும் வராது. எஸ்டபிள்யூஐ தரப்பே நடத்தும் ஸ்டேபிள் பிபிஏவை (உபுண்டுவுக்கான கூடுதல் மென்பொருள் களஞ்சியம்) சேர்த்துவிட்டு, அதிலிருந்து நிறுவுங்கள். நிறுவியதும், புரோலாகைத் திறக்கும் ‘ஸ்விப்ல்’ கட்டளையை வெர்ஷன் விருப்பத்தோடு ஓட்டி எண்ணைப் பார்த்து நோட்டில் எழுதுங்கள்.

அப்புறம் சி கம்பைலரும் பைத்தானின் டெவ் தொகுப்பும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பைத்தான் தொகுப்புகளை நிறுவும் பிப் மூலம் ஜானஸை நிறுவும்போது அது உங்கள் கணினியிலேயே கம்பைல் ஆகும். அந்தச் சமயத்தில் அது ஸ்விப்லைத் தேடும். கட்டளைகளைக் கணினி தேடும் பாத் பட்டியலில் ஸ்விப்ல் இல்லையென்றால் ஒரு பக்க நீளத்துக்குப் பிழை கொட்டும். பயந்துவிடாதீர்கள், பெரும்பாலும் காரணம் அது ஒன்றுதான். பிப்பில் கேட்க வேண்டிய பெயர் வெறும் ஜானஸ் இல்லை. ஜானஸ், அடிக்கோடு, எஸ்டபிள்யூஐ.

5. விதிக் கோப்பைத் தனியாக எழுதுங்கள்

கோப்பின் முதல் வரியில் என்கோடிங் (எழுத்துகளைச் சேமிக்கும் முறை) யுடிஎஃப் எட்டு என்று அறிவித்துவிடுங்கள். தமிழில் எழுதுகிறவர்களுக்கு இது பாதுகாப்பு. கோப்பின் பின்னொட்டு பி.எல். பெர்ல் என்ற வேறொரு மொழிக்கும் அதுவேதான். எடிட்டர் அதைப் பெர்ல் என்று நினைத்துக் கண்டபடி வண்ணம் பூசினால் கண்டுகொள்ளாதீர்கள்.

முதலில் மாறாதவை:

தெரியும்(மணி, பற்றவைப்பு).
தெரியும்(செல்வி, பற்றவைப்பு).
தெரியும்(செல்வி, மெருகு).

பெயருக்கும் அடைப்புக்குறிக்கும் நடுவே இடைவெளி விடக் கூடாது. வரி முடிவில் புள்ளி கட்டாயம். இந்த இரண்டால் என்னுடைய முதல் சாயங்காலம் முழுக்கப் போனது.

அப்புறம் விதி:

செய்யலாம்(_ஆள், _வேலை) :- தெரியும்(_ஆள், _வேலை), \+ விடுப்பு(_ஆள்).

:- என்பதை ‘எப்போது என்றால்’ என்றும், இரண்டு நிபந்தனைக்கு நடுவில் வரும் கமாவை ‘மேலும்’ என்றும், \+ என்பதை இப்போதைக்கு ‘இல்லை’ என்றும் படியுங்கள். ஆளுக்கும் வேலைக்கும் முன்னால் அடிக்கோடு ஏன் என்று கேட்பீர்கள். புரோலாகில் மாறியின் (வேரியபிள்) பெயர் பெரிய எழுத்தில் அல்லது அடிக்கோட்டில் தொடங்க வேண்டும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து ஏது? அடிக்கோடு போடாவிட்டால் ‘ஆள்’ என்ற பெயருள்ள ஒருவரைத் தேடும், கிடைக்காது, ‘இல்லை’ என்று சொல்லிவிட்டுப் போய்விடும். பிழைச் செய்தியே வராது.

இந்த ஒரே விதியில் நான் இரண்டு முறை விழுந்தேன்.

முதல் விழுகை: யாருமே விடுப்பில் இல்லாத நாளில் புரோகிராம் வெடித்தது. விடுப்பு பற்றி ஒரு தகவல்கூட இல்லை என்பதால், அப்படி ஒரு பெயரே எனக்குத் தெரியாது என்றது புரோலாக். விடுப்பு என்பது ஓடும்போது வந்து போகும் தகவல் என்று கோப்பின் மேலேயே டைனமிக் அறிவிப்பில் சொல்லிவிட வேண்டும். விடுப்பு, சாய்கோடு, 1. அந்த 1 என்பது அதற்குள் எத்தனை இடம் என்ற எண்.

இரண்டாவது விழுகை ஆடி மாதத்தில். கோட்டை மாரியம்மன் பண்டிகை சமயம், செல்வி ஒரு நாள் விடுப்பு. காலை எட்டு மணிக்கு மாமாவிடமிருந்து போன்.

“ஏன் கண்ணு, இன்னைக்குப் பட்டறையில ஒருத்தருமே இல்லைங்குதே உன் மெஷினு? என் எதுர்ல ஆறு பேரு உக்காந்திருக்காங்க.”

நடந்தது இதுதான். முந்தின ராத்திரி, அழகுக்காக, நான் விதியின் வரிசையை மாற்றியிருந்தேன்:

செய்யலாம்(_ஆள், _வேலை) :- \+ விடுப்பு(_ஆள்), தெரியும்(_ஆள், _வேலை).

படிக்கும்போது இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். ஆனால் \+ என்பது ‘நிரூபிக்க முடியவில்லை’ என்று அர்த்தம். அந்த இடத்துக்கு வரும்போது ஆள் யார் என்று இன்னும் தெரியாது. அதனால் கேள்வி ‘இவர் விடுப்பில் இல்லையா?’ என்பதிலிருந்து ‘உலகத்தில் யாராவது விடுப்பில் இருக்கிறார்களா?’ என்று மாறிவிடுகிறது. செல்வி ஒருவர் விடுப்பு. ஆகவே மொத்தப் பட்டறைக்கும் விடுப்பு. ஆளை முதலில் கண்டுபிடியுங்கள், அப்புறம் இல்லை என்று கேளுங்கள். மறுப்பு எப்போதும் வரியின் கடைசிப் பக்கத்தில் இருக்கட்டும்.

இன்னொரு பொறி, கட்டங்களின் வரிசையை எழுதும்போது வரும். உருக்கு, கம்பி இழுப்பு, பின்னல், பற்றவைப்பு, மெருகு என்று அடுத்தடுத்து வருவதை ‘அடுத்து’ என்ற பெயரில் எழுதிவிட்டு, எதற்குப் பிறகு எது என்று கேட்க இப்படி எழுதினேன்:

பிறகு(_அ, _இ) :- அடுத்து(_அ, _இ).
பிறகு(_அ, _இ) :- பிறகு(_அ, _உ), அடுத்து(_உ, _இ).

இரண்டாவது வரி தன்னைத்தானே முதலில் கூப்பிடுகிறது. பதில்களைத் தந்து முடித்த பிறகும் நிற்காமல் தனக்குள்ளேயே இறங்கிக்கொண்டே போகும். 64 பிட் கணினியில் ஸ்டாக் என்ற வேலை நினைவகம் 1 ஜிபியைத் தொட்டதும் பிழை காட்டி நிற்கும். ‘அடுத்து’ முன்னால், ‘பிறகு’ பின்னால் என்று திருப்பிப் போட்டால் சரியாகிவிடும். திருப்ப முடியாத சிக்கலான இடம் என்றால் டேபிள் அறிவிப்பு கொடுங்கள். கண்டுபிடித்ததை நினைவில் வைத்துக்கொள்ளும்.

கோப்பை ஸ்விப்லில் மட்டும் திறந்து, கேள்விகளைக் கையால் கேட்டுப் பாருங்கள். ஒரு பதில் வந்ததும் அரைப்புள்ளி அடித்தால் அடுத்த பதில் வரும். நோட்டின் முதல் பக்கத்தில் உள்ள ஒவ்வொரு விதிக்கும் ஒரு கேள்வி. எல்லாம் சரியாக வந்த பிறகுதான் பைத்தான்.

6. பைத்தானிலிருந்து கூப்பிடுதல்

ஜானஸை இம்போர்ட் செய்து, கன்சல்ட் என்ற ஃபங்ஷனுக்கு விதிக் கோப்பின் பெயரைக் கொடுங்கள். அவ்வளவுதான், புரோலாக் உள்ளே வந்துவிட்டது. கேள்வி கேட்க முக்கியமாக மூன்று வழி: ஒரே பதில் போதும் என்றால் குவரி_ஒன்ஸ், பல பதில் வேண்டுமென்றால் குவரி, பெயரையும் மதிப்புகளையும் தனித்தனியாகக் கொடுத்துக் கடைசி இடத்தில் வரும் விடையை மட்டும் வாங்க அப்ளை_ஒன்ஸ்.

நீங்கள் தேடிப் பார்க்கும் உதாரணங்கள் பெரும்பாலும் குவரி_ஒன்ஸில்தான் தொடங்கும். கேள்வியை எழுத்துச் சரமாகக் கொடுத்தால் மாறிப் பெயர்களோடு ஒரு டிக்ஷனரி திரும்ப வரும். பதில் இல்லையென்றால் ட்ரூத் என்ற இடத்தில் பொய் என்று மட்டும் வரும். நல்ல ஏற்பாடு. ஆனால் தமிழில் எழுதுகிறவருக்கு இதில் ஒரு குழி இருக்கிறது, இதை எங்கேயும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. அடிக்கோட்டில் தொடங்கும் மாறிகளை ஜானஸ் ‘வேண்டாதவை’ என்று கருதி விடையிலிருந்து கழித்துவிடும். நம் தமிழ் மாறிகள் அத்தனையும் அடிக்கோட்டில்தான் தொடங்குகின்றன! ட்ரூத் மெய் என்று வருகிறது, பெயரைக் காணோம். இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

வழி இரண்டு. கேள்விச் சரத்தில் மட்டும் எக்ஸ் என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஒரு மாறி போடலாம். அல்லது அப்ளை_ஒன்ஸுக்கு மாறலாம். அதில் மாறிப் பெயரே தேவையில்லை. நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். மாட்யூல் இடத்தில் யூசர் என்று கொடுங்கள், அடுத்து விதியின் தமிழ்ப் பெயர், அடுத்து உள்ளே போகும் மதிப்புகள். ஒன்று மட்டும் கவனம்: விதி தோற்றால் அப்ளை_ஒன்ஸ் எக்செப்ஷன் எறியும். தோற்றால் என்ன திருப்ப வேண்டும் என்று ஃபெயில் என்ற பெயரில் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம்.

குவரியைப் பயன்படுத்தினால் பாதியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். முதல் இரண்டு பதிலைப் பார்த்துவிட்டு லூப்பிலிருந்து வெளியே வந்தால் அந்தக் கேள்வி இன்னும் திறந்தே கிடக்கலாம். வித் என்ற பைத்தான் கட்டமைப்புக்குள் வைத்தால் தானே மூடிக்கொள்ளும்.

பயனர் அடித்த பெயரைக் கேள்விச் சரத்தில் ஒட்டவைக்காதீர்கள். பெயருக்குள் ஒரு கமாவோ அடைப்புக்குறியோ வந்தால் கேள்வியே வேறாகிவிடும். மதிப்புகளைத் தனியாகக் கொடுக்கத்தான் வசதி இருக்கிறதே.

7. பைத்தானுக்கும் புரோலாகுக்கும் நடுவில் உள்ள எல்லையில் என்ன மாறுகிறது

பைத்தானிலிருந்து போகும் எழுத்துச் சரம் புரோலாகில் ஆட்டம் என்ற வகையாக இறங்கும். புரோலாக் கோப்பில் நீங்கள் இரட்டை மேற்கோளுக்குள் எழுதியது ஸ்டிரிங் என்ற வேறு வகை. இரண்டும் பொருந்தாது. பெயருக்குள் இடைவெளி வேண்டுமென்றால் ஒற்றை மேற்கோள் போடுங்கள்.

எண்களில்: 4-ஐ 2-ஆல் வகுத்தால் எஸ்டபிள்யூஐ புரோலாக் 2 என்று முழு எண்ணாகத் தரும், பைத்தான் 2.0 என்று தரும். புரோலாகில் 2-ம் 2.0-ம் ஒன்றுக்கொன்று பொருந்தாது. வெள்ளி எடையில் இது வம்பு. நான் எல்லா எடையையும் மில்லிகிராமாக, முழு எண்ணாக மாற்றிவிட்டேன். இரண்டு பக்கமும் எவ்வளவு பெரிய முழு எண்ணையும் தாங்கும்.

எழுத்தில் வருகிற சிக்கல் இதைவிட மோசம். மாமாவின் பழைய எக்செல் கோப்பில் இருந்த ‘கொலுசு’ என் விதிக் கோப்பில் இருந்த ‘கொலுசு’வோடு பொருந்தவே இல்லை. திரையில் இரண்டும் அச்சு அசல். பைத்தானில் நீளம் கேட்டேன்: ஒன்றில் 6, மற்றதில் 7. ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் சேமிக்கலாம். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளில் இரண்டாவது வகை வரும். ஓகாரமும் ஔகாரமும் அப்படித்தான். கொண்டலாம்பட்டி, கொண்டப்பநாயக்கன்பட்டி என்று கொகரத்தில் தொடங்கும் ஊர்கள் நம் பக்கம் நிறைய. முகவரிப் பட்டியல் வைத்திருப்பவர்கள் கண்டிப்பாக மாட்டுவார்கள். பைத்தானின் யூனிகோட்டேட்டா நூலகத்தில் நார்மலைஸ் என்று ஒன்று இருக்கிறது. பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி முறையைக் கொடுத்து, புரோலாகுக்குப் போகும் எல்லாச் சரத்தையும் அதில் ஒரு தடவை போட்டு எடுங்கள். விதிக் கோப்பையும்தான்.

கடைசியாக, எத்தனை முறை எல்லையைத் தாண்டுகிறீர்கள் என்று பாருங்கள். ஆள் ஒவ்வொருவருக்கும் ஒரு கேள்வி, வேலை ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி என்று லூப் போட்டிருந்தேன். ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப்போய்க் கால் கிலோ காப்பிக்கொட்டை வாங்கி வந்து, மறுபடி கால் கிலோவுக்கு ஏறுகிற கதை. புரோலாக் பக்கத்திலேயே ஃபைண்ட்ஆல் கொண்டு பதில்களைப் பட்டியலாகச் சேர்க்கும் விதி ஒன்று எழுதி, ஒரே கேள்வியில் மொத்தத்தையும் வாங்குங்கள். பட்டியல், எண், பெயர் இவை மட்டும் எல்லை தாண்டட்டும். புரோலாகின் உள்கட்டமைப்புகளை அப்படியே பைத்தானுக்கு அனுப்ப முயலாதீர்கள்.

நேற்றைய விடுப்பு இன்றும் நினைவில் இருக்கும் என்பதையும் மறக்காதீர்கள். புரோகிராமை மூடாமல் ஓடவிட்டால், தினமும் காலையில் பழைய விடுப்புகளை ரிட்ராக்ட்ஆல் மூலம் துடைத்துவிட்டுப் புதியவற்றைச் சேர்க்க வேண்டும். செல்வி நான்கு நாள் வேலைக்கு வந்தும் அவருக்கு ஒரு வேலையும் ஒதுக்காமல் விட்டது என் புரோகிராம். அவர் கேட்ட பிறகுதான் தெரிந்தது.

8. இன்னொருவர் கணினியில் வைக்கும்போது

காசுக்கு விற்பதாக இருந்தால் உரிமங்களைப் பாருங்கள். எஸ்டபிள்யூஐ புரோலாகின் மையப் பகுதி இரண்டு நிபந்தனை பிஎஸ்டி உரிமத்தில் வருகிறது. உரிம வாசகத்தை உங்கள் பொதியில் சேர்த்துக் கொடுத்தால் போதும். அதோடு இணையும் சில நூலகங்களுக்கு வேறு உரிமம் உண்டு. பெரிய எண்களுக்கான ஜிஎம்பி எல்ஜிபிஎல் வகை. ஸ்விப்லைத் திறந்து லைசென்ஸ் என்று அடித்துப் புள்ளி வைத்தால் உள்ளே என்னென்ன உரிமம் இருக்கிறது என்று அதுவே பட்டியல் தரும். அதையும் அச்செடுத்து நோட்டோடு வையுங்கள்.

அந்தக் கணினியிலும் புரோலாக், கம்பைலர், ஜானஸ் எல்லாம் அதே வரிசையில் நிறுவ வேண்டும். உங்கள் கோப்புறையை மட்டும் பென் டிரைவில் போட்டுக் கொண்டுபோனால் ஓடாது. பதிப்பு எண் எழுதச் சொன்னது இதற்குத்தான். நிறுவும்போது இருந்த புரோலாக்கோடு ஒட்டித்தான் ஜானஸ் கம்பைல் ஆகியிருக்கும். பின்னால் புரோலாகை மட்டும் புதுப்பித்தால் இணைப்பு அறுந்துபோக வாய்ப்பு உண்டு. அப்போது ஜானஸை நீக்கிவிட்டுத் திரும்ப நிறுவுங்கள், பிப்பிடம் கேஷ் வேண்டாம் என்று சொல்லியே நிறுவுங்கள். சொல்லாவிட்டால் முன்பு கம்பைல் செய்து வைத்த பழசையே எடுத்து மறுபடி போட்டுவிடும். நீங்களும் ‘புதுசா நிறுவினேனே’ என்று உட்கார்ந்திருப்பீர்கள்.

மாமாவின் கணினியில் தானாகப் புதுப்பிப்பதை நிறுத்தி வைத்திருக்கிறேன். புதிய பதிப்பு வந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆடி முடியும்வரை அதில் கை வைப்பதாக இல்லை.